பாவு பிணைக்கும் நொதி

ஹாலே, ஜெர்மனி
தை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாதது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டிருந்தீர்கள்.

பிபிஐஎச் என்னும் மனித மரபணுவைத்தான் ஆராய்கிறேன். நம் எல்லோருடைய முதலாம் குரோமோசோமிலும் அது இருக்கிறது. 177 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய நொதி அதிலிருந்து உருவாகிறது. புரதச் சங்கிலியில் புரோலின் என்னும் அமினோ அமிலம் வரும் இடம் எளிதில் திரும்பாது. அதை விரைவாகத் திருப்பி, புரதம் சரியாக மடிய உதவுவது இந்த நொதி. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவில் வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கி, மற்றவற்றை ஒட்டும் பெரிய அமைப்பிலும் இதற்கு இடமுண்டு. தறியில் பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறீர்களே, ஓரிழை மாறினால் அந்தக் குறை சேலை முழுவதும் ஓடுமே, அதே கவனம் இங்கும் வேண்டியிருக்கிறது.

இவ்வகை நொதியை 1984இல் இதே ஊரில்தான் குன்டர் ஃபிஷர் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். அவர் வகுத்த முறையிலேயே நானும் சோதிக்கிறேன். குளிர்ந்த கரைசலில் சிறு புரதத் துண்டுகளை இட்டு, புரதத்தை வெட்டும் கைமோட்ரிப்சின் என்னும் வேறொரு நொதியைச் சேர்த்தால், புரோலின் நேராக நிற்கும் துண்டுகளை மட்டும் அது வெட்டும். வெட்டியதும் மஞ்சள் நிறம் ஏறும். எங்கள் நொதி இருந்தால் வளைந்து நின்றவையும் விரைவில் நேராகிவிடுவதால், ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைவது போல நிறம் சட்டென்று பரவுகிறது. சைக்ளோஸ்போரின் சிறிது விட்டால் அந்த வேகம் அடங்கிவிடுகிறது.

சிறுநீரகம் மாற்றியபின் சித்தப்பா இரு வேளையும் விழுங்கும் அதே மருந்து, அப்பா. அந்தக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம், திண்ணையில் அமர்ந்து மாத்திரை உறையைக் கிழிக்கும் அவர் விரல்கள் கண்முன் வருகின்றன. அன்று மாலை அறைக்குத் திரும்பவே மனம் வருவதில்லை.

குளிருக்குக் கம்பளி போதும். கீழ்வீட்டுப் பாட்டி நாள்தோறும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கொல்லையில் பம்பளிமாஸ் காய்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். இம்மாதத் தொகையை அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். கூட்டுறவுச் சங்கத் தவணைக்கு மட்டும் அவகாசம் கேட்டு வையுங்கள். தங்கையின் கூறைப்புடவையை வெளியே வாங்காமல் நம் தறியிலேயே நெய்யுங்கள். பாவு பிணைக்கும் நாளை முன்னரே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்