வக்கீலாக வேண்டுமானால் சட்டவியல் கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சி.பி.எஸ்.இ. பிளஸ் 1 சேர்க்கையில் உளவியலா, சட்டவியலா என்று தடுமாறும் பெற்றோர் பலர், “பிள்ளை வக்கீலாக வேண்டும், அதனால் சட்டவியல்” என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இது தவறான காரணம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் தேர்வுக்குச் சட்டவியல் படித்திருக்க வேண்டியதில்லை; எந்தப் பாடப்பிரிவில் படித்தவரும் எழுதலாம். அதன் சட்டப் பகுதியில் தேவையான சட்ட விதியைக் கேள்விக்கான பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். வேகமாகப் படித்துப் பொருத்தும் திறன்தான் அங்கே சோதிக்கப்படுகிறது.

மதிப்பெண் பிரிவைப் பாருங்கள். உளவியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. சட்டவியலில் எழுத்துத் தேர்வு 80, செயல்திட்டம் 20. உளவியல் செய்முறையில் நுண்ணறிவு, ஆளுமை, பதற்றம் போன்றவற்றை அளக்கும் சோதனைகளை ஒருவரிடம் நடத்தி, மதிப்பிட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். சோதனை ஏடுகளோ உளவியல் படித்த ஆசிரியரோ இல்லாத பள்ளியில் அந்த 30 மதிப்பெண்ணுக்கான பயிற்சி வெறும் நகலெடுப்பாகிவிடும். சேரும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

சட்டவியலுக்கு வேறு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய கையேட்டிலிருந்து பிரிவு எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நடப்பாண்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இருவர், மதுரை