நவீனின் ஆஃபர் லெட்டரைப் படித்தேன், மல்லி

அன்புள்ள மல்லி,

போன மாசமே எழுதியிருக்க வேண்டும், உன் வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாகக் காத்துக்கிடக்கின்றன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இழுக்கிற உன் ஹாஸ்டல் பழக்கத்தை அம்மா கண்ணில் காட்டாதே. இங்கே எல்லாரும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். நவீன் அனுப்பிய ஆஃபர் லெட்டரை முழுதாகப் படித்தேன். ஆண்டுக்கு 82,000 டாலர் என்றதும் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டாய் என்று ராஜி சொன்னாள். கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். ஆனால் அவனை இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். பதினெட்டு மாசத்துக்குள் விலகினால் 20,000 டாலர் கட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. சம்பளத்தை விட அந்தப் பத்திதான் முக்கியம்.

விசாவில் வருபவர்களால் அமெரிக்கர்களின் சம்பளம் இறங்குகிறதா என்று நீ அனுப்பிய டிவி விவாதத்தையும் பார்த்தேன். "நம்ம பிள்ளைங்க உழைச்சு முன்னேறுறாங்க, இவனுங்களுக்கு வயித்தெரிச்சல்" என்று அதன் கீழே எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே அமெரிக்காவில் இருக்கிற புரோகிராமர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது நவீன் மேல் பாய்கிறதே என்பதுதான் என் வருத்தம். ஒரு ஊருக்கு வெளியாள் வந்தான் என்பதாலேயே கூலி இறங்கிவிடாது. வந்தவனால் வேலையை உதறிவிட்டுப் போக முடியாது என்ற நிலை இருந்தால்தான் இறங்கும். முதலில் அவன் கூலி இறங்கும், பிறகு பக்கத்து நாற்காலிக்காரன் கூலியும் இறங்கும்.

நவீனுக்கும் தேவைப்படும் எச்1பி, அதாவது படித்த வேலைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்கக் கம்பெனி மனுப்போட்டு வாங்கும் விசா, 1990 சட்டத்தில் வந்தது. வரம்பு வருஷத்துக்கு 65,000 பேர், இங்கேயே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடம். அதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் சம்பளம் ஒன்று, அந்த வட்டாரத்தில் நடப்பில் உள்ள சம்பளம் ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் விசாக்காரருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்க நன்றாக இருக்கிறதா? அந்த "நடப்புச் சம்பளத்தை" நாலு லெவலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் ஒரே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் கீழிருந்து மேலே நிறுத்தினால், சுமாராகப் பதினேழாவது ஆள் வாங்குவது லெவல் 1. முப்பத்துநாலாவது ஆள் வாங்குவது லெவல் 2. லெவல் 3 வந்தால்தான் நடுவில் நிற்பவரின் சம்பளம். 2019 கணக்கில், அனுமதி கிடைத்த எச்1பி இடங்களில் 60 சதவீதம் முதல் இரண்டு லெவல்களில்தான் இருந்தன. நடுச் சம்பளத்துக்குக் கீழே கொடுக்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யாரும் திருட வேண்டிய அவசியமே இல்லை.

லெவலைத் தீர்மானிப்பது, அந்த வேலைக்குக் கம்பெனி கேட்கும் தகுதி. அனுபவம், கூடுதல் படிப்பு, தனித்திறன், கீழே ஆட்களை மேய்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஏறும். அதனால் அஞ்சு வருஷ அனுபவக்காரனை எடுத்துக்கொண்டு, காகிதத்தில் "ஆரம்ப நிலை வேலை" என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு வழி, வேலையின் குறியீட்டை மாற்றுவது. சாஃப்ட்வேர் டெவலப்பர் என்றால் 15-1252. சம்பளம் குறைவாக வரும் வேறு குறியீட்டில் காட்டினால் அதே மேசை, அதே வேலை, சில ஆயிரம் டாலர் மிச்சம்.

ஆட்களில் 15 சதவீதத்துக்கு மேல் எச்1பி வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு 1998-ல் ஒரு கடிவாளம் போட்டார்கள். உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் விசாக்காரரை வைக்க மாட்டோம், முதலில் உள்ளூரில் ஆள் தேடுவோம் என்று அவர்கள் உறுதி கொடுக்க வேண்டும். கூடவே ஒரு விலக்கு: சம்பளம் 60,000 டாலராவது இருந்தாலோ, ஆள் முதுகலை படித்திருந்தாலோ அந்த உறுதி தேவையில்லை. அந்த 60,000 இன்றுவரை அப்படியே இருக்கிறது. விலைவாசியோடு ஏறியிருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒரே ஒரு எண்ணைத் திருத்தாமல் விட்டதில் மொத்தச் சட்டமும் பல்லில்லாமல் போனது எனக்கு ஆறவே இல்லை.

2015 தொடக்கத்தில் ஆர்லாண்டோ டிஸ்னியில் சுமார் 250 கணினி ஊழியர்கள் வேலையிழந்தது அப்படித்தான். வேலையை வெளி சேவைக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அந்த ஊழியர்களே வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள். வழக்குகள் போட்டார்கள், நிற்கவில்லை. ஆளை நீக்கியது ஒரு கம்பெனி, விசா எடுத்தது இன்னொரு கம்பெனி. நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்தால் "நீக்கி மாற்றினார்கள்" என்பதை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம். இருபது வருஷம் வேலை பார்த்தவர் தன் நாற்காலிக்கு வந்தவனுக்குப் பாடம் எடுத்துவிட்டுக் கிளம்புவதை யோசித்துப் பார், மல்லி. வயித்தெரிச்சல் என்று அதை ஒதுக்கிவிட முடியுமா?

நவீனுக்கு வந்திருப்பது கன்சல்டன்சி வேலை. அதாவது சம்பளம் கொடுப்பது ஒருவர், வேலை வாங்குவது வேறொருவர், நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் வெண்டர்கள். உனக்குப் புரிவதற்காக ஒரு கணக்கு. உண்மையில் வேலை வாங்கும் வங்கி மணிக்கு 100 டாலர் கொடுக்கிறது என்று வை. ஒப்பந்த ஆட்களைக் கவனிக்கும் நிறுவனம் 3 எடுக்கும். முதல் வெண்டர் 12, அடுத்தவர் 5. கன்சல்டன்சி கைக்கு 80 வரும். நவீனுக்கு ஆண்டுக்கு 82,000 என்றால், 2,080 மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 39 டாலர் சொச்சம். கன்சல்டன்சிக்கு வரி, இன்சூரன்ஸ், விசாச் செலவு எல்லாம் உண்டுதான். அதைக் கழித்தாலும் மீதி நிறைய. வங்கியைப் பொறுத்தவரை அவன் மலிவான ஆளே இல்லை. உழைப்பவனுக்கும் பணம் கொடுப்பவருக்கும் நடுவில்தான் காசு கரைகிறது. வங்கிக்குக் கிடைக்கும் லாபம் வேறு: வேண்டாமென்றால் ஒரே மெயிலில் அனுப்பிவிடலாம், ஓய்வூதியக் கணக்கு, இழப்பீடு எதுவும் கிடையாது.

இதோடு ஒரு சின்ன விஷயம், டிவியில் யாரும் சொல்லாதது. நவீன் இப்போது இருப்பது ஓ.பி.டி., அதாவது இங்கே படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி. அந்த அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக முதல் அஞ்சு காலண்டர் வருஷம் சமூகப் பாதுகாப்பு வரி, மெடிகேர் வரி (ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் சம்பளத்தில் பிடிப்பவை) கிடையாது. அதனால் கம்பெனிக்கும் தன் பங்கு 7.65 சதவீதம் மிச்சம். கூட நேர்காணலுக்கு வந்த அமெரிக்கப் பையனுக்கு அதே சம்பளம் கொடுத்தால் அந்தத் தொகை கூடுதல் செலவு. இப்படி விதியை எழுதி வைத்துவிட்டு, அந்தப் பையன் நம் பிள்ளையை முறைக்கிறான் என்று நாம் அவனைக் கோபித்துக்கொண்டு என்ன பயன்?

இனி கட்டிப்போடும் கதை. வேலை போனால் அடுத்த இடம் தேட 60 நாள்தான், விசா காலம் அதற்குள் முடிந்தால் அதுவும் குறையும். வேறு கம்பெனிக்கு மாறலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் புதுக் கம்பெனி செலவு செய்து மனுப்போட முன்வர வேண்டும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களுக்கு வரிசை பத்து வருஷத்துக்கும் மேலே நீள்கிறது. நடுவில் கம்பெனி மாறினால் வரிசையில் பிடித்த இடத்தைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலைக்கான சான்றிதழ் தொடங்கிக் காகித வேலை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். குழந்தை பள்ளிக்கூடத்தில், வீட்டுக்கடன் தலைமேல் என்று இருக்கிறவன் சம்பள உயர்வு கேட்டு எவ்வளவு அழுத்துவான்? அதற்கு மேல், விலகினால் 20,000 டாலர் கட்டு என்று பாண்டும் போட்டால்?

"அப்படியானால் எல்லாரையும் அனுப்பிவிட்டால் இவர்களுக்குச் சம்பளம் ஏறுமா" என்று சேகர் அண்ணன் குரூப்பில் கேட்டிருந்தார். முன்னாலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோ விவசாயத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த பிராசெரோ திட்டத்தை 1964 கடைசியில் நிறுத்தினார்கள். பிற்பாடு மாநிலம் மாநிலமாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, உள்ளூர்ப் பண்ணைக் கூலி அதனால் ஏறியதாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் வந்தது, கையால் பறிக்கும் பயிர்கள் சிலவற்றைக் குறைத்துக்கொண்டார்கள். கணினி வேலையில் இயந்திரம் கூடத் தேவையில்லை, வேலையே விமானம் ஏறிவிடும். விசா கிடைக்காத பெரிய கம்பெனிகள் இந்தியாவிலும் கனடாவிலும் ஆள் சேர்த்ததை ஆராய்ச்சிகளே காட்டியிருக்கின்றன. 2024 கணக்குப்படி இந்தியாவில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் சொந்த மையங்கள் 1,700-க்கு மேல், அதில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர்.

அங்கேயாவது நம் பிள்ளைகள் சம்பளம் ஏறியதா? சேவைக் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூணு, மூணரை லட்சத்தைச் சுற்றியேதான். ராஜி மகள் சிறுசேரியில் வாங்குவதைக் கேட்டுப் பார். சென்னை வாடகை இந்தப் பத்து வருஷத்தில் எங்கே போயிருக்கிறது என்று உனக்கே தெரியும். விலக வேண்டுமென்றால் மூணு மாச நோட்டீஸ். அடுத்த கம்பெனி அவ்வளவு நாள் காத்திருக்காது. ஊர் வேறு, பிடி ஒன்றுதான்.

சரி, நவீனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தம்பியை விட்டு எழுதி வைத்துக்கொள். வரம்புக்கு மேல் பெயர்கள் வந்தால் நடத்தும் எச்1பி குலுக்கல் முறை 2026 பிப்ரவரி 27 முதல் மாறிவிட்டது: லெவல் 4 என்றால் குலுக்கலில் பெயர் நாலு தடவை போகும், லெவல் 1 என்றால் ஒரே தடவை. ஆகவே 82,000 எந்தக் குறியீட்டில், எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), எந்த லெவல் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்கச் சொல். தொழிலாளர் துறையின் சம்பளத் தேடல் பக்கத்தில் அவனே சரிபார்க்கலாம். சில ஆயிரம் டாலர் ஏற்றிக் கொடுத்தால் ஒரு லெவல் கூடுமென்றால் பேரம் பேச அதுதான் பிடிமானம், கம்பெனிக்கும் வாய்ப்பு கூடுமே. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணத்தை நினைத்துப் பயப்படாதே. அது வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு. உள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு இல்லை. ஆனால் மனு முடிகிற வரை அவன் ஊருக்குக் கிளம்பக் கூடாது. வெளியே போனால் அந்த மாற்ற விண்ணப்பம் கைவிட்டதாக ஆகிவிடும். பொங்கலுக்கு வா என்று நச்சரிக்காதே, உன்னைத்தான் சொல்கிறேன்.

வக்கீல் கட்டணத்தையும் மனுக் கட்டணத்தையும் கம்பெனி அவன் தலையில் கட்டக்கூடாது. பாண்டிலும் அப்படித்தான்: முன்னாலே விலகினால் அபராதம் என்பது சட்டப்படி செல்லாது, உண்மையான நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஈடு என்றால்தான் மாநிலச் சட்டத்தைப் பொறுத்து நிற்கும். அந்த 20,000 எதற்கு என்று லெட்டரில் ஒரு வார்த்தை இல்லை. பிராஜெக்ட் இல்லை என்று வீட்டில் உட்கார வைத்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், "பெஞ்ச்" என்று சொல்லி நிறுத்த முடியாது. வேலை வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் திருத்த மனு போட வேண்டும். சம்பளத்தையும் வேலை இடத்தையும் குறித்துக் கம்பெனி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் எல்.சி.ஏ. விண்ணப்பத்தின் நகலை வேலை தொடங்கும் நாளுக்குள் அவன் கையில் கொடுக்க வேண்டும், அவன் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். சம்பளத்தில் பிடித்தால் தொழிலாளர் துறைக்கு டபிள்யூஎச்-4 படிவத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் புகார் தரலாம். பே ஸ்லிப், டைம் ஷீட், மெயில் எல்லாவற்றையும் ஆபீஸ் லேப்டாப்பில் விடாமல் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்.

ஆஃபர் லெட்டரில் கடைசிக்கு முந்தின பக்கம் ஸ்கேனில் பாதிதான் விழுந்திருக்கிறது. அதைத் திரும்ப அனுப்பச் சொல். சனிக்கிழமை உனக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், நவீனையும் லைனில் சேர்த்துவிடு. குமார் கல்யாணத்துக்கு என் பேரில் மொய் எழுதிவிடு, பணம் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
வசந்தி