எட்டு வயதில் பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிள்ளைகளின் வசந்தகால விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தேன். மனசு ஆறவில்லை. எட்டு வயதாகியும் பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையைப் பேஸ்பாலில் சேர்த்து எல்லார் நேரத்தையும் வீணாக்க வேண்டாம் என்று அதில் ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள். படித்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த எட்டு வயதுப் பிள்ளை என் மகன். மூன்று வருடத்துக்கு முன், அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு ஏப்ரலில் அவனை இங்கே நியூ ஜெர்சியில் உள்ள பேஸ்பால் லீக்கில் சேர்த்தேன். முதல் நாளே பந்து உதட்டில் பட்டு ரத்தம். அதற்குப் பிறகு யார் வீசினாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவான். கோச் அவனை ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலதுபக்கக் கோடியில், கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் அந்தப் பக்கம் பந்து போவதே அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றரை மணி நேரம் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்த தாய்க்குத்தான் அந்த வரி எங்கே குத்தும் என்று தெரியும்.

எனக்குப் பேஸ்பால் தெரியாது. மதுரையில் பள்ளிக்கூட எறிபந்து அணியில் ஆடியவள் நான். பந்து நெஞ்சுக்கு வருவதற்குள் இரண்டு கையும் முன்னால் போயிருக்க வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். பயப்படுகிற பிள்ளைக்குக் கல் மாதிரி பந்தைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே? முதலில் சுருட்டிய காலுறை. பந்து பிடிக்கும் தோல் கையுறையான கிளவ் கிடையாது, வெறுங்கை. அது முகத்தில் பட்டாலும் சிரிப்பான். அப்புறம் டென்னிஸ் பந்து. அதற்கும் பிறகுதான் கிளவ். புதுக் கிளவ் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், எட்டு வயதுக் கையால் அதை மூடவே முடியாது. ராத்திரி அதற்குள் ஒரு பந்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்து, பகலில் நானே குத்திக் குத்திப் பழக்கினேன்.

அந்தக் கோடையில் என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவது அவர் வேலை. பந்து இடுப்புக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்க வேண்டும். இது ஒன்று பிடிபட்டதும் பையனுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஒருநாள் தொடர்ந்து பதினேழு பிடித்தான். பதினெட்டாவது நழுவியது. அப்பா எழுந்துபோய் அந்தப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "பதினேழு நேற்றைவிட ஆறு கூட" என்றார். கோச்சிங் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

அடுத்த வருடம் ஒரு ஆட்டத்தில் உயரமாக ஒரு பந்து அவன் பக்கம் வந்தது. பிடிக்கவில்லை, கிளவில் பட்டுக் கீழே விழுந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. எடுத்து செகண்ட் பேஸுக்கு, அதாவது ஓடுகிறவன் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் இரண்டாவதற்கு, சரியாக வீசினான், ஓடியவன் ஃபர்ஸ்ட் பேஸோடு நின்றுவிட்டான். இன்னிங்ஸ் முடிந்து, அணி உட்காரும் டக்அவுட்டுக்குப் போகாமல் நேரே வேலிக்கு ஓடி வந்து, "பார்த்தியாம்மா?" என்றான். யாருடைய நேரம் வீணானது என்று உங்கள் கட்டுரையாளரை நான் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் எதற்காக வந்தது என்பதையாவது அவர் படித்திருக்கலாம். 1939-இல் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் அதைத் தொடங்கினார். பெரியவர்கள் மைதானத்தில் பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. சின்னக் கால்களால் அதை ஓடி முடிக்க முடியாது என்று பார்த்து 60 அடியாக்கினார். இன்று பந்து வீசுகிற பிட்சர் நிற்கும் தூரமும் பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம், பிள்ளைகளுக்கு 46 அடி. சின்னவர்களுக்குக் கம்பத்தில் பந்தை வைத்து அடிக்கும் டீ பால், அப்புறம் கோச்சே மெதுவாக வீசித் தரும் ஆட்டம் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் குறைந்தது ஆறு அவுட் வரை ஃபீல்டிங், ஒரு முறையாவது பேட்டிங் தர வேண்டும் என்று விதியே உண்டு. பிள்ளைக்கு ஏற்றபடி ஆட்டத்தைச் சுருக்கினார்கள். நீங்கள் ஆட்டத்துக்கு ஏற்ற பிள்ளையைத் தேடச் சொல்கிறீர்கள்.

அதே கட்டுரையில், நிறைய வீசினால்தான் கை பழகும் என்றும் இருக்கிறது. இது வருத்தத்தோடு விட்டுவிடுகிற விஷயம் இல்லை. 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது, 66-ஐத் தொட்டால் நாலு நாள் ஓய்வு என்பது லிட்டில் லீக் விதி. பந்தை எண்ணி நிறுத்தும் விதி 2007-லிருந்து இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் சனிக்கிழமை ஒரு அணிக்கு வீசுவான், ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீமுக்கு வீசுவான். இரண்டு இடத்துக் கணக்கையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பத்து வயதில் முழங்கையின் உள்பக்கம் வலி, சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை. எலும்பு வளரும் இடத்தில் அழற்சி என்றார் டாக்டர். லிட்டில் லீக் எல்போ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தான். இதைப் படித்துவிட்டாவது அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

கட்டுரை முழுக்க 'உங்கள் மகன்', 'உங்கள் மகன்' என்றே வருகிறது. எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். நாம் இருக்கும் இதே நியூ ஜெர்சியில், ஹோபோக்கனில், 1972-இல் மரியா பெப்பே என்ற 12 வயதுப் பெண் மூன்று ஆட்டம் ஆடியதும் அவளை வெளியேற்றினார்கள். வழக்கு நடந்து, 1974-இல்தான் பெண் பிள்ளைகளுக்கு லிட்டில் லீக்கில் கதவு திறந்தது. 2014-இல் மோனே டேவிஸ் லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பிட்ச் செய்து ஜெயித்தாள். இத்தனைக்கும் பிறகு நம் பத்திரிகையில் பெண் குழந்தைக்கு ஒரு வரி இல்லை.

நம் அப்பாக்களைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளை பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் வேலிக்குப் பின்னாலிருந்து, எல்லார் காதிலும் விழும்படி, தமிழில் திட்டுகிறார்கள். மற்றவர்களுக்குப் புரியாது என்று நினைப்பு. பிள்ளைக்குப் புரிகிறதே! பேஸ்பாலின் பெரிய பேட்ஸ்மேன் டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 அடித்தார், அதாவது பத்துக்கு நாலு தடவை ஹிட். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒரு சீசனில் யாரும் .400-ஐத் தொடவில்லை. அப்பேர்ப்பட்டவரே பத்துக்கு ஆறு தடவை தோற்றிருக்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்று தடவை தோற்றால் வீடு வந்து சேரும் வரை காரில் விசாரணை. போன வருடம் ஒரு பையன் ஆட்டம் முடிந்ததும் எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் அப்பா நம் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்தான்.

இதையெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியான ஸ்பெல்லிங் பீ செய்திக்கு நாலு பக்கம் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, என் அண்ணன் மகளும் அதில் கலந்துகொண்டவள்தான். ஆனால் ஜெயித்த பிள்ளைகளுக்கு மட்டும்தானா இடம்?

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கோடையில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் மைதானத்தில் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்றே தெரியாமல் கைதட்டுகிறார்கள். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். பின்பக்கம் போன பந்துக்கு ஏன் ரன் இல்லை, அடித்ததும் ஏன் ஓடியே ஆக வேண்டும், கேட்ச் பிடித்தால் மற்றவன் ஏன் பழைய பேஸுக்குத் திரும்ப ஓடுகிறான் என்று என் அப்பா ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, பெரிய எழுத்தில், தமிழில் ஆட்டத்தின் விதிகளைப் போடுங்கள். நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஓடி வருகிறவனைத் தொடாமலே, பந்தோடு பேஸை மிதித்தால் எப்போது அவுட் என்கிற பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம். அப்பாவுக்கு நான் எத்தனை தடவை சொல்லியும் அது ஒன்றுதான் விளங்கவில்லை. வருகிற ஜூனில் அவர் மறுபடி வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி