சிவப்பு விளக்கு எரியாது, காதுதான் எரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், டிவியில் நிகழ்ச்சியைவிட விளம்பரம் மட்டும் ஏன் அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அது பிரமை, பிடிக்காத எதுவும் காதுக்குச் சத்தமாகத்தான் படும் என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன ரகளை. ஏழெட்டு மாதமாக இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த என் அம்மாவிடம் என் மகன் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டி, "பாரு அப்பாயி, கோளாறு டிவியில இல்ல, உன் காதுலதான்" என்று சொல்லிவிட்டான். அம்மா அன்று சீரியலே பார்க்கவில்லை.

நான் 31 வருடம் மைக்செட் வைத்திருந்தவன். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. அந்த உரிமையில் சொல்கிறேன், இது பிரமை இல்லை.

மைக், பாட்டு எல்லாச் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கிற பெட்டிக்கு மிக்ஸர் என்று பேர். அதில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இருக்கும். சத்தம் உச்சத்தைத் தொட்டால் மினுக்கும். சீரியலில் மாமியார் பூஜையறையில் கிசுகிசுக்கிறார், மருமகள் விசும்புகிறாள், அப்புறம் ஓங்கி ஓர் அறை. அந்த அறைக்கு மட்டும் விளக்கு ஒரு தடவை மினுக்கும். அடுத்து வரும் நகைக்கடை விளம்பரமும் அந்த உச்சத்தைத் தாண்டாது. விளக்கை மட்டும் பார்க்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சீரியல் அந்த உயரத்துக்கு ஒரு வினாடி போய்விட்டு இறங்கிவிட்டது. விளம்பரமோ இருபது வினாடியும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கோபுரத்தில் கலசம் மட்டும்தான் அந்த உயரத்தில் இருக்கும். இவர்கள் மதில் சுவரையே கலசம் வரைக்கும் எழுப்பிவிடுகிறார்கள்.

இதற்குக் கம்ப்ரஸர் என்று ஒன்று இருக்கிறது. தலை தூக்கும் சத்தத்தை அது அமுக்கும். அமுக்கியதில் மேலே இடம் மிச்சமாகும், மொத்தத்தையும் அந்த இடத்துக்குத் தூக்கிவிடலாம். பின்னணி இசை, பேச்சு, கடைப் பெயரைக் கத்துவது, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சராசரியில் 10 டெசிபல் ஏறினாலே காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும்.

இன்னொன்று, எல்லாச் சத்தமும் காதுக்கு ஒன்று இல்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் நமக்கு ரொம்பக் கூர்மையாகக் கேட்கும். அந்தக் காலத்தில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மூன்று ஊர் தள்ளிக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். குழாய்க்கு அடித்தொண்டை வராது, இந்த நடுத்தொண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். விளம்பரம் மிக்ஸ் பண்ணுகிறவர்களும் அந்த இடத்தைத்தான் தூக்கிவிடுவார்கள். நான் செய்யாததா என்ன, ஏலக்கடைக்காரர் கேட்டால் கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருகிவிடுவேன்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். புது டிவி அட்டை மாதிரி மெலிசு. ஸ்பீக்கர் கீழே பார்த்தபடி இருப்பதால் பேச்சு தரையில் விழுந்து குழைந்து போகிறது. கிசுகிசுப்பு கேட்கட்டும் என்று அம்மா 34இல் வைப்பார். அந்த 34இல்தான் தவிலோடு அட்சய திருதியை வந்து இறங்கும். தொட்டிலில் கிடக்கும் பேத்தி வீறிட்டு எழுவாள். செட்டிங்கில் ஆட்டோ வால்யூம் போட்டுப் பார்த்தேன். விளம்பரம் அடங்கியது, கூடவே சீரியலின் உயிரும் போய்விட்டது.

இதை அளக்க முடியாது என்றில்லை. உச்சத்தை விட்டுவிட்டுக் காதுக்கு எவ்வளவு படுகிறது என்று அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இலேயே வெளியிட்டுவிட்டது. அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் மைனஸ் 23 என்று ஓர் எண்ணை நிறுத்தியது (உச்சத்தைப் பூஜ்யமாக வைத்து அதற்குக் கீழே எண்ணுகிற கணக்கு). நிகழ்ச்சியானாலும் விளம்பரமானாலும் சராசரி அதில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் அதே 2010இல் தனிச் சட்டமே போட்டு, 2012 டிசம்பரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் பார்வையாளர் புகார் கொடுத்தால்தான் அசைகிறார்கள். இருந்தாலும் புகார் செய்ய கையில் ஓர் அளவு இருக்கிறது.

நம் நாட்டில் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகள், 1994 இருக்கின்றன. அதில் 7ஆவது விதி விளம்பரங்களுக்கு. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது அங்கேதான் வருகிறது. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. (படம் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.) நிமிடத்துக்கு எண் போட்டவர்கள் சத்தத்துக்குப் போடவில்லை. அளவே சொல்லாமல் அளவுக்கு மீறியது எது என்று யார் முடிவு செய்வது?

எனக்கு எண் இருந்தது சார். 2000இல் வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை மைக்கே கூடாது. ஒரு கோயில் திருவிழாவில் நாடகம் முடிய நேரமாகிப் பத்தே காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மூன்று நாள் அலைந்து மீட்டேன். கோபம் வந்தது, ஆனால் நான் தாண்டியது எந்தக் கோட்டை என்று எனக்குத் தெரியும். சேனல்காரர்களுக்கும், நடுவில் ஜவுளிக்கடை விளம்பரத்தைச் சொருகுகிற உள்ளூர் கேபிள்காரர்களுக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும். 7ஆவது விதியில் ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும், புதுச் சட்டம்கூட வேண்டாம். உங்கள் பத்திரிகை இதை எழுதினால் தில்லியில் நாலு பேராவது படிப்பார்கள்.

அப்புறம், முடிந்தால் அடுத்த இதழில் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். என் மகனை விட்டே அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மைக்செட்காரர்,
நீடாமங்கலம்.