கதிருக்கு: சிஸ்டமா, பி.எஸ். ஃபைவா?

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையை நான் எடுத்துக் கையில் கொடுத்தால் போடுகிறார், இல்லையென்றால் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டது. போனில் சொன்னாலும் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். எழுதினால் படித்துத்தான் ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன். போனஸ் பணத்தில் கேமிங் சிஸ்டம், அதாவது விளையாட ஒரு கம்ப்யூட்டர், அசெம்பிள் பண்ணலாமா, இல்லை டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோல் பெட்டியான பி.எஸ். ஃபைவ் (பிளேஸ்டேஷன் 5) வாங்கலாமா என்று கேட்டாய். மறுநாளே நந்தினி போன் பண்ணினாள். "அத்தை, அவர் என்னமோ உள்ளே கலர் கலரா லைட் எரியுற கண்ணாடிப் பெட்டி வாங்கப் போறாராம், நீங்களாவது கேளுங்க" என்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தக் கடிதம். அவளிடமும் காட்டு.

முதலில் அந்த 'வேலைக்கும் ஆகும்' என்கிற பேச்சை விட்டுவிடு. பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் நாங்கள் சிஸ்டமும் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தோம், உனக்கு நினைவிருக்கும். வாங்க வருகிற பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான். "படிப்புக்குத்தான்" என்பான். அப்பா பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது மெதுவாக என் பக்கம் குனிந்து, "அக்கா, இதுல வைஸ் சிட்டி கேம் ஓடும்ல?" என்று கேட்பான். இன்றைக்கு நீ அதே வசனத்தைத்தான் நந்தினியிடம் பேசுகிறாய். உனக்கு ஆபீசில் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள், வேலை அதில்தான். வீடியோ எடிட்டிங், த்ரீ-டி டிசைன் எதுவும் நீ செய்வதில்லை. விளையாடத்தான் வாங்குகிறாய். சம்பாதிக்கிறவன் விளையாட ஒரு பெட்டி வாங்கினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அதை அப்படியே ஒப்புக்கொண்டால் கணக்குப் போடுவது சுலபம்.

அடுத்தது, நீ பார்க்கிற அந்த ஒப்பீட்டு வீடியோக்கள். எத்தனை எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம்), எத்தனை டெராஃப்ளாப் (கணக்குப் போடும் வேகம்) என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். பி.எஸ். ஃபைவுக்கு உள்ளே இருப்பதும் ஏ.எம்.டி. சிப்தான்: எட்டு கோர் ஜென் 2 பிராசசர், ஆர்.டி.என்.ஏ. 2 வகை கிராஃபிக்ஸ், இரண்டுக்கும் பொதுவாக 16 ஜி.பி. மெமரி. சிஸ்டத்துக்கு நாம் தனித்தனியாக வாங்கி மாட்டுவதை அவர்கள் ஒரே போர்டில் வைத்து மூடிக் கொடுக்கிறார்கள். அதனால் எது பெரியது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நீ எதை விளையாடுவாய், யாரோடு விளையாடுவாய் என்பதைத்தான் கேட்பேன்.

எங்கள் சென்டரில் எந்த சிஸ்டத்தில் கேம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நான் மானிட்டரை எட்டிப் பார்த்ததே இல்லை. கீபோர்டு சொல்லிவிடும். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கு கட்டைகளிலும் எழுத்து அழிந்து மொழுமொழுவென்று இருக்கும். ஸ்பேஸ் பார் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். மவுஸின் அடி மூடியைத் திருகிப் பந்தை வெளியே எடுத்தால் உள்ளே உருளைகளில் அழுக்கு கறுப்பு மோதிரம்போல் சுற்றியிருக்கும், நகத்தால் சுரண்டி எடுக்கவேண்டும். அத்தனையும் கவுண்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கி விளையாட்டு பண்ணிய வேலை. ஒரே அறையில் எட்டுப் பையன்கள், "டேய், பின்னாடி பின்னாடி" என்று கத்தல், இன்டர்நெட்டே வேண்டாம், சிஸ்டங்களை ஒன்றோடொன்று இணைக்கிற லேன் ஒயர் போதும். அந்த மாதிரி விளையாட்டுக்கு மவுஸ்தான் கை. 2023இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இலவசம், ஆனால் சிஸ்டத்தில் மட்டும்தான். டோட்டா 2வும் அப்படியே. வாலரன்ட் 2020இல் சிஸ்டத்துக்கு வந்தது, கன்சோலுக்கு வர 2024 ஆகிவிட்டது.

ஆகவே நீ இன்னும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்கூல் செட் பையன்களோடு அதைத்தான் விளையாடுகிறாய் என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டாம், சிஸ்டம் வாங்கு. ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் நீ அந்தப் பக்கம் போனதாகவே தெரியவில்லை. தீபாவளிக்கு வந்தபோது சித்தப்பா வீட்டு பி.எஸ். ஃபோரில் நீ என்ன விளையாடினாய்? கிரிக்கெட், ஃபுட்பால், அப்புறம் அந்த அப்பாவும் மகனும் பனியில் நடந்துகொண்டே இருக்கிற கதை. பக்கத்தில் உட்கார்ந்து நந்தினி "லெஃப்ட்ல போங்க, அங்க ஏதோ மின்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவற்றுக்கெல்லாம் மவுஸ் தேவையில்லை. கன்ட்ரோலரும் டிவியும் சோபாவும்தான் வேண்டும்.

சரி, பணம். டிஸ்க் போடும் பி.எஸ். ஃபைவ் 2021 பிப்ரவரியில் இங்கே வந்தபோது 49,990 ரூபாய். முன்பெல்லாம் கன்சோல் பழசாக ஆக விலை இறங்கும். இது 2022இலேயே 54,990க்கு ஏறியது. அவ்வப்போது தள்ளுபடி வரும், அதுவரை பொறுத்திரு. அதே தரத்தில் படம் காட்டுகிற சிஸ்டம் என்றால் பிராசசர், போர்டு, கார்டு, ராம், எஸ்.எஸ்.டி., கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர் என்று கூட்டிக்கொண்டே போனால் என் கணக்கில் எண்பதாயிரத்துக்குக் கீழே நிற்காது. அதிலும் இது நல்ல நேரம் இல்லை. 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை எங்கேயோ போய்விட்டது. முன்பு 2021இல் கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டை இப்படித்தான் அள்ளினார்கள். சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்டுவிட்டு வெறும் கையோடு திண்டுக்கல் பஸ் ஏறிய ஆட்கள் உண்டு.

விலை குறைக்கிறேன் பேர்வழி என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டுக்கு முப்பதாயிரம் கொடுப்பான், அதற்குக் கரண்ட் கொடுக்கிற டப்பாவுக்கு ஆயிரத்து இருநூறு கொடுப்பான். ஒரு நாள் 'டப்' என்று சத்தம், கருகின வாசனை, எல்லாம் சேர்ந்து போகும்.

ஆனால் பெட்டி வாங்கியதோடு கணக்கு முடியாது. பி.எஸ். ஃபைவில் புது விளையாட்டு ஒன்று ஐயாயிரம் ரூபாய்வாக்கில் போகிறது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நெட்டில் மற்றவர்களோடு விளையாட பி.எஸ். பிளஸ் சந்தாவும் கட்டவேண்டும். சிஸ்டத்தில் அந்தச் சந்தா கிடையாது. சிஸ்டத்துக்கு விளையாட்டு விற்கிற ஸ்டீம் என்கிற நெட் கடையில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், கோடைக்கும் டிசம்பருக்கும் தள்ளுபடி வரும்போது பாதிக்கும் கீழே வாங்கலாம். எபிக் என்கிற இன்னொரு நெட் கடையில் வாராவாரம் ஏதாவது ஓசியில் தருகிறார்கள். 2020 மே மாதம் ஜி.டி.ஏ. ஃபைவையே ஓசியாகக் கொடுத்தார்கள், அன்றைக்கு கூட்டம் தாங்காமல் அவர்கள் சைட்டே படுத்துவிட்டது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து விளையாட்டு வாங்குகிற ஆளுக்கு சிஸ்டத்தில் போட்ட கூடுதல் பணம் சீக்கிரமே திரும்பிவிடும். நீ வாங்குவது இரண்டு, மூன்று. அதுவும் டிஸ்க்காக வாங்கினால் முடித்ததும் விற்றுவிடலாம். உங்கள் புனேயில் பழைய டிஸ்க் வாங்க, விற்க ஆட்கள் தாராளமாக இருப்பார்கள். ஸ்டீமில் வாங்கியதை யாருக்கும் விற்க முடியாது.

இதனால்தான் சொல்கிறேன், டிஸ்க் போட வழியில்லாத டிஜிட்டல் எடிஷன் பக்கம் போகாதே. சில ஆயிரம் மிச்சம் என்று ஆசைகாட்டுவார்கள். டிஸ்க் இல்லாவிட்டால் அவர்கள் கடை ஒன்றுதான், அவர்கள் சொல்வதுதான் விலை. புது ஸ்லிம் மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அப்படி மாட்டினால் மிச்சம் பிடித்த காசு அதற்கே போய்விடும்.

கன்சோலில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மாடி அறையில் பழைய சிஸ்டம் இன்னும் ஓடுகிறது. அப்பா அதில் இன்னமும் ஈ.ஏ. கிரிக்கெட் 07 விளையாடுகிறார். 2006இல் வந்த விளையாட்டு. அதோடு அந்தக் கம்பெனி கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. உரிமம் இல்லாததால் நம் ஆட்களின் பெயரெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. ஐ.பி.எல். அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் யாரோ பையன்கள் உட்கார்ந்து பேட்ச் (விளையாட்டைத் திருத்துகிற சின்ன புரோகிராம்) எழுதி, பெயரைத் திருத்தி, சி.எஸ்.கே. மஞ்சள் சட்டையை மாட்டி, வருடாவருடம் புது ஆட்களைச் சேர்த்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். உன் அப்பா தோனியை முதலிலேயே இறக்கிவிட்டு எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கிறார். அந்த விளையாட்டு பி.எஸ். டூவுக்கும் டிஸ்க்காக வந்தது. அந்த டிஸ்க்கை பி.எஸ். ஃபைவில் போட்டால் ஓடாது. பி.எஸ். ஃபோர் டிஸ்க் ஓடும், அதற்கு முந்தையது ஓடாது. கம்பெனி கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். சிஸ்டத்தில் இருபது வருடத்துப் பழசையும் எப்படியாவது ஓட்டிவிடலாம். இது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக சிஸ்டத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும் என்றும் நினைக்காதே. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் சிஸ்டத்துக்கு வந்தபோது ஷேடர் (படம் வரைகிற குறிப்புகள்) கட்டுகிறேன் என்று ஆரம்பத்திலேயே நெடுநேரம் உட்கார வைத்தது, நல்ல கார்டு வைத்திருந்தவனும் திட்டினான். கன்சோலும் யோக்கியம் இல்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பி.எஸ். ஃபோரில் ஓடிய லட்சணத்தைப் பார்த்து பி.எஸ். செய்கிற சோனியே தன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது, திரும்ப வைக்க அடுத்த ஜூன் ஆனது. ஜி.டி.ஏ. செய்கிற ராக்ஸ்டார்காரர்கள் சிஸ்டத்தைக் காக்க வைப்பார்கள்: ஜி.டி.ஏ. ஃபைவ் கன்சோலுக்கு 2013 செப்டம்பர், சிஸ்டத்துக்கு 2015 ஏப்ரல். சோனி தன் சொந்த விளையாட்டுகளில் பலவற்றை சிஸ்டத்துக்கும் தந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் கழித்து. உன்னுடைய பொறுமை எனக்குத் தெரியும்.

இன்னொன்று வீடு. உங்கள் ஊரில் எல்லாம் பதினோரு மாத அக்ரிமென்ட். ஒவ்வொரு முறையும் கேபினெட்டை லாரியில் ஏற்றவேண்டும். கார்டைக் கழற்றாமல் ஏற்றினால் குலுங்குகிற குலுங்கலில் ஸ்லாட்டே பெயர்ந்து வரும், நான் கண்ணால் பார்த்தது. ஸ்லிம் மாடல் மூன்று கிலோவும் கொஞ்சமும்தான், தோள்பையில் போட்டு இங்கேயே கொண்டுவரலாம். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா.

கேமிங் லேப்டாப் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதே. ஒரே பெயர் எழுதிய கார்டுக்கு ஒரு கம்பெனி அறுபது வாட் கொடுக்கும், இன்னொன்று நூறுக்கு மேல் கொடுக்கும், பெட்டியின் மேல் அதைப் பெரிதாகப் போடமாட்டார்கள். கார்டை மாற்றவும் முடியாது. மடியில் வைத்தால் தொடை வேகும்.

ஆக, என் கணக்குக்கு உனக்குப் பி.எஸ். ஃபைவ்தான், டிஸ்க் மாடல். இரண்டாவது கன்ட்ரோலரை அன்றைக்கே சேர்த்து வாங்கு. அது வந்தபோதே 5,990 ரூபாய், கை கூசும்தான். ஆனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் நந்தினி கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் உன்னைவிட நன்றாக விளையாடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதையும் பார்த்துவிடுவோம். முதல் விளையாட்டு எது என்று அவளையே கேள். உங்கள் புனேக்காரர்களே செய்த ராஜி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, 2020இல் வந்தது, தம்பியைத் தேடிப் போகிற பெண்ணின் கதை. அவளுக்குப் பிடிக்கலாம்.

மாட்டியதும் டிவி செட்டிங்கில் 'கேம் மோடு' ஆன் பண்ணு. பண்ணாவிட்டால் நீ பட்டனை அழுத்துவதற்கும் மட்டை சுழல்வதற்கும் நடுவில் ஒரு கணம் இழுக்கும், பந்து போன பிறகு அடித்துக்கொண்டிருப்பாய், அப்புறம் கன்ட்ரோலரைக் குறை சொல்வாய். டிவி ஷெல்ஃபுக்குள் திணிக்காதே, பின்னால் காற்றுப் போக ஒரு சாண் இடம் விடு. விளையாடும்போது இருநூறு வாட் வரை இழுக்கும், சின்ன யு.பி.எஸ். ஒன்று போதும். கரண்ட் போனால் சேவ் பண்ணி ஆஃப் பண்ண நேரம் கிடைக்கும், ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு இல்லை. நம் வீட்டில் இருக்கிற மாதிரி பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் மட்டும் மாட்டாதே.

பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, வாரன்டிக்கு உன்னை நம்ப முடியாது. மாடியில் இருக்கிற சிஸ்டத்துக்கு 8 ஜி.பி. டி.டி.ஆர். த்ரீ ராம் ஒன்று பழசாகக் கிடைத்தால் அதையும் பார்த்து வை, அப்பா புது பேட்ச் போடவேண்டும் என்று நச்சரிக்கிறார்.

அன்புடன்,
அம்மா