தம்பி, அம்மாவோட முறத்தைப் பத்தி உனக்கு ஒரு கடிதம்

தம்பிக்கு,

சிரசு திருவிழாவுக்கு நீ குடியாத்தம் வந்துட்டுப் போனதுல இருந்து இதை உனக்கு எழுதணும்னு நெனச்சிக்கினே இருக்கேன். கெங்கையம்மன பாத்துட்டு வந்து எல்லாரும் திண்ணையில உக்காந்து இருந்தப்போ நீ சொன்னியே, "இந்த பீடி கம்பெனி எல்லாத்தையும் நாளைக்கே இழுத்து மூடணும்"னு, அப்ப உள்ள இன்னா நடந்துச்சுன்னு நீ பாக்கல. உன் பெரிம்மா, அதான் எங்க அம்மா, மடியில வெச்சு பீடி சுத்திக்கினு இருந்த முறத்தை மெதுவா எடுத்து கட்டிலுக்கு அடியில தள்ளி, மேல ஒரு பழைய புடவைய போட்டு மூடிட்டாங்க. முப்பத்தஞ்சு வருசமா அந்த முறத்துலதான் எங்களுக்கு சோறு வந்துச்சு, அதை உன் கண்ணுல படாம மறைக்கணும்னு அவங்களுக்குத் தோணிச்சு பாரு, அதுதான் என்ன தூங்க விடல.

நீ சொன்னது தப்புன்னு நான் எழுதல. பீடி விஷம்தான், சிகரெட்ட விட சின்னதா இருக்கேன்னு பாத்தா அதுல வர தாரும் நிகோடினும் கம்மி இல்ல, இலை சட்டுனு அணைஞ்சிடும்ன்றதால அடிக்கடி இழுக்க வேற வேணும். அப்பாவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தினி தடவ கூட்டிக்கினு போனோம்னு உனக்கே தெரியும், கடைசி ரெண்டு வருசம் அவரு உக்காந்துக்கினேதான் தூங்குனாரு. அதனால சட்டமே வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. 2003ல கோட்பான்ற புகையிலை கட்டுப்பாட்டு சட்டம் வந்தது நல்லது, 2008 அக்டோபர் 2ல இருந்து பொது எடத்துல புடிக்கக் கூடாதுன்னு சொன்னது ரொம்ப நல்லது, பஸ்ல கைக்கொழந்தைய வெச்சிக்கினு போனவளுக்கு அதோட அருமை தெரியும்.

ஆனா ஒவ்வொரு சட்டமும் டெல்லியில கெளம்பி எங்க தெருவுக்கு வர்றப்போ யார் தலையில எறங்குதுன்னு நீ ஒரு தடவ பாக்கணும். 2016 ஏப்ரல்ல பாக்கெட்ல 85 சதவீதம் எச்சரிக்கை படம் போடணும்னு வந்துச்சு இல்ல, படம் போடறது நியாயம்தான், ஆனா கம்பெனிங்க எதிர்ப்பு காட்டறேன்னு உற்பத்திய நிறுத்துனாங்க, முதலாளிக்கு அது ஒரு போராட்டம், எங்களுக்கு அது இலை வராத நாளு. கம்பெனிக்காக இலை கொடுக்கற ஏஜென்ட் வீட்டுக்குப் போயி போயி அம்மா வெறும் பையோட திரும்பி வருவாங்க. இலை இல்லன்னா சுத்த வேலை இல்ல, சுத்தலன்னா கூலி இல்ல, இதுல மாச சம்பளமா இருக்கு?

அப்புறம் 2017 ஜூலையில ஜிஎஸ்டி. பீடிக்கு 28 சதவீதம், பீடி இலைக்கு 18 சதவீதம். அதுக்கு முன்னாடி வருசத்துக்கு 20 லட்சம் பீடிக்குள்ள பிராண்ட் பேரு இல்லாம கையால சுத்தி விக்கிற சின்ன ஆளுங்களுக்கு கலால் வரி இல்லாம இருந்துச்சு, அந்தக் கணக்கே போயிடுச்சு, எங்க பக்கத்துல சொந்தமா சுத்தி வித்துக்கினு இருந்த ரெண்டு பேரு அப்பவே நிறுத்திட்டு பெரிய கம்பெனிக்கு கமிஷனுக்கு எடுத்துத் தர ஆரம்பிச்சிட்டாங்க. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி கவுன்சில்ல பீடிய 18க்கும் இலைய 5க்கும் எறக்க முடிவு பண்ணாங்க, உன்ன மாதிரி டாக்டருங்க கோவப்பட்டிருப்பீங்க, அந்தக் கோவமும் நியாயம்தான். ஆனா எனக்கு இதைவிடப் பெருசா தெரியறது வேற. ஜிஎஸ்டி வந்தப்போவே பீடி தொழிலாளர் நல நிதிக்குன்னு பீடி மேல போட்ட செஸ்ன்ற தனி வரியையும் எடுத்துட்டாங்க. 1976ல இருந்து அந்தக் காசுலதான் பீடி தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி, வீடு கட்ட உதவி, புள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் எல்லாம் நடந்துச்சு. நான் பிளஸ் டூ படிச்சது அந்த ஸ்காலர்ஷிப்ல. இப்ப அது பட்ஜெட்ல ஒதுக்கறத நம்பி நிக்குது.

சுத்தறதப் பாத்திருக்கியா நீ? சின்ன வயசுல பாத்திருப்ப, மறந்திருப்ப. இலைய தண்ணியில நனச்சு ராத்திரி பூரா ஈர சாக்குல சுத்தி வெக்கணும், காலையில தகடு வெச்சு கத்திரியால வெட்டணும், அம்மாவோட கத்திரி புடியில துணி சுத்தி இருக்கும், அந்தத் துணி மாத்தி மாத்தி இப்ப அது அவங்க கை வடிவத்துலயே இருக்கு. புகையிலைத் தூள ஒரு சிட்டிகை எடுத்து இலை மேல பரப்பி, ரெண்டு கட்டை விரலால உருட்டி, நூல ஒரு சுத்து, வாய நகத்தால மடக்கு. ஆயிரம் பீடி, 25 பீடிக்கு ஒரு கட்டுன்னா 40 கட்டு. கொண்டு போனா அங்க ஒருத்தர் கட்டைக் கையில உருட்டிப் பாத்து, இது தொளதொளன்னு இருக்கு, இது நீளம் பத்தலன்னு கழிச்சிடுவாரு, கழிச்சதுக்குக் கூலி கெடையாது. தூள் பறந்து பறந்து அம்மாவுக்கு கண்ணு எரிச்சல், இருமல், முதுகு வலி. அவங்க வாழ்க்கையில ஒரு பீடி புடிச்சதில்ல தம்பி, ஆனா புகையிலைய அவங்க அளவுக்கு மூக்குல வாங்குனவங்க யாரு?

அப்பா மாதிரி ஆளுங்க பீடி புடிக்காம இருக்கணும்னு போராடறீங்க, நல்லது. அம்மாவ அந்த முறத்துல இருந்து எழுப்பணும்னு யாரு போராடறாங்க?

2021 தொடக்கத்துல கோட்பா திருத்த வரைவுன்னு ஒண்ணு பேச்சா இருந்துச்சு, தயாரிக்கறதுக்கே லைசென்ஸ், சில்லறையா விக்கக் கூடாதுன்னு எல்லாம். தெருவுல எல்லாருக்கும் பயம், வீட்டுல உக்காந்து சுத்தறவளும் லைசென்ஸ் எடுக்கணுமா, அப்புடின்னா எந்த ஆபீஸ்ல, இன்னா பேர்ல? ஏன்னா எங்க அம்மாவுக்கு பேரே ஒரு பிரச்சனை. பீடி தொழிலாளி கார்டுல ஒரு எழுத்து, ஆதார்ல ஒரு எழுத்து, அந்த ஒரு எழுத்துக்காக பிஎஃப் காசு நாலு வருசமா நிக்குது. கம்பெனியில கேட்டா ஆபீஸ்ல கேளுங்கன்றாங்க, ஆபீஸ்ல கேட்டா கம்பெனி லெட்டர் கொடுன்றாங்க. சின்னத் தொழில் பண்றவங்களுக்கு ஒரு புது விதி வந்தா அவங்க மொதல்ல பயப்படறது காகிதத்துக்குத்தான்.

வேற வேலைக்குப் போகலாமேன்னு நீ கேட்ட. போனாங்களே, சின்ன வயசு பொண்ணுங்க பாதிப் பேரு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேன்ல ஏறிட்டாங்க, நல்லாவும் இருக்காங்க. 58 வயசு முட்டிவலிக்காரிய எந்த ஷூ கம்பெனி எடுப்பான்? பேர்ணாம்பட்டு பக்கம் வீட்ட விட்டு வெளிய வேலைக்குப் போகாத அக்காங்க எவ்ளோ பேரு இருக்காங்க, அவங்களுக்கு வீட்டுலயே வர வேலை வேணும். தையல் டிரெய்னிங் கொடுத்தாங்க, சர்டிபிகேட்டும் கொடுத்தாங்க, தைக்கறதுக்குத் துணி யாரு தருவா?

நீங்க எல்லாம் எடுத்துப் பேசற அந்த உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலை உடன்படிக்கை, இந்தியா 2004லயே ஏத்துக்கிச்சு, அதுல 17வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, புகையிலை தொழிலாளிக்கும் விவசாயிக்கும் பொழைக்கற மாதிரி மாற்று வேலைக்கு அரசாங்கம் வழி பண்ணணும்னு. அதே உடன்படிக்கையில வரி போடற பிரிவ படிக்கறவங்க இதையும் படிக்கணும் இல்ல? அடுத்த தடவ உங்க டாக்டர் சங்கத்துல பீடி வரிய ஏத்தணும்னு மனு போடறப்போ, ஏத்தற வரியில ஒரு பங்கு அந்த நல நிதிக்கே திரும்பி வரணும், மாற்று வேலை கொடுத்துட்டு கம்பெனிய மூடுங்கன்னு ரெண்டு வரி சேத்து எழுது. உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு, என்னோடதுக்கு இல்ல.

இன்னொண்ணு, தீபாவளிக்கு வரப்போ உன் ஸ்டெத்த எடுத்துக்கினு வா. அம்மா நெஞ்சுக்கு இதுவரைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்ததில்ல. கூலி போயிடும்னு நாள தள்ளிக்கினே இருக்காங்க, நீ சொன்னா வருவாங்க. முறத்த மறைக்க வேணாம், நீ வந்து பக்கத்துல உக்காருவன்னு நான் சொல்லி வெக்கறேன்.

அக்கா