தமிழ்ப் புத்தகப் பதிவுகள் பற்றி

வணக்கம் நண்பர்களே. கேட்டலாக் அட்டை அச்சடிப்பதை ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு 2015 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது, நாம்தான் இன்னும் அட்டைப் பழக்கத்தோடு கோஹா நூலக மென்பொருளில் பதிவு போடுகிறோம். ஆங்கிலப் புத்தகத்துக்கு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகம் போட்ட பதிவை இறக்கினால் பாதி வேலை முடிந்தது, ஆனால் பதிப்பும் ஆண்டும் நம் கையில் இருக்கும் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள். தமிழ்ப் புத்தகம்தான் தலைவலி. இறக்கிய பதிவு மார்க் (MARC) என்ற கணினி வடிவில் எண்ணிட்ட புலங்களாக இருக்கும், அதில் 245ஆம் புலத்தில் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும், தமிழ் வடிவம் இருந்தால் 880ஆம் புலத்தில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் தமிழில் தேடும் மாணவருக்கு அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். அதனால் தமிழ்த் தலைப்பை விடாமல் சேருங்கள், யூனிகோடில் மட்டும், பழைய எழுத்துரு வேண்டவே வேண்டாம். அப்புறம், மின்னிதழ்களுக்கு ஒவ்வொன்றாகப் பதிவு போட்டு மாய வேண்டாம், பதிப்பாளர் மார்க் கோப்பு தந்தால் மொத்தமாக ஏற்றிவிடலாம்.